‘ரேடியாலஜி’ ஆய்விதழ்: தொடர்ந்து படிப்பவருக்கே முழுப் பயன் தரும் இதழ்

ஸ்கேன் முடிந்து நோயாளியின் கைக்கு வரும் அறிக்கையில் ‘நுரையீரலில் 6 மில்லிமீட்டருக்குக் குறைவான முடிச்சு, தொடர் பரிசோதனை தேவையில்லை’ என்றோ, ‘கழுத்துத் தமனியில் 50 முதல் 69 சதவீதம் வரை அடைப்பு’ என்றோ ஒரு வரி இருந்தால், அந்த எல்லைகளை அறிக்கையில் கையெழுத்திட்ட மருத்துவர் தாமாக வகுத்திருக்க மாட்டார். உலகெங்கும் ஸ்கேன் அறைகளில் இன்று புழங்கும் இத்தகைய எண்களில் பல, வட அமெரிக்கக் கதிரியல் சங்கம் வெளியிடும் ‘ரேடியாலஜி’ என்ற மாத இதழின் பக்கங்களில் அச்சேறியவை. கதிரியல் துறையில் இருப்பவர்கள் அனைவரும் பெயரை அறிந்த இதழ் இது. ஆனால் இதழாகவே எடுத்துத் தொடர்ந்து படிப்பவர்கள் நம்மிடையே குறைவு. தேர்வுக்கு முன் ஒரு கட்டுரை, கருத்தரங்குக்கு முன் ஒரு கட்டுரை என்று துண்டுதுண்டாகவே பலரும் இதை அணுகுகிறார்கள். அப்படிப் படித்தால் இதன் உண்மையான மதிப்பில் பாதிகூடக் கிடைக்காது என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணத்தை விளக்குவதே இம்மதிப்புரையின் நோக்கம்.

சங்கம் 1915இல் ‘வெஸ்டர்ன் ராண்ட்ஜன் சொசைட்டி’ என்ற பெயரில் தொடங்கப்பட்டது. ‘ரேடியாலஜி’ 1923 முதல் வந்துகொண்டிருக்கிறது. எக்ஸ்ரே படத்தட்டுகளின் காலத்தில் பிறந்து, அல்ட்ராசவுண்ட், சிடி, எம்ஆர்ஐ ஆகியவற்றின் வருகையைக் கண்டு, இப்போது செயற்கை நுண்ணறிவின் காலத்துக்கு வந்திருக்கிறது. 2023 முதல் லிண்டா மோய் ஆசிரியராக இருக்கிறார். நூறாண்டு வரலாற்றில் இப்பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவரே. கட்டுரைகள் இருபுறமும் பெயர் மறைத்து மதிப்பிடப்படுகின்றன: எழுதியவர் யார் என்பது மதிப்பீட்டாளருக்கும், மதிப்பிட்டவர் யார் என்பது எழுதியவருக்கும் தெரியாது. இதற்கு மேல் புள்ளியியல் வல்லுநர்களின் பரிசீலனையும் உண்டு. இந்தக் கண்டிப்பு இவ்விதழுக்குப் புதிதன்று. ஒரு பரிசோதனை எவ்வளவு நன்றாக நோயைப் பிரித்தறிகிறது என்பதை அளக்கப் பயன்படும் ஆர்ஓசி வளைகோட்டின் பரப்பைப் பற்றி ஹேன்லியும் மெக்நீலும் 1982இல் எழுதிய கட்டுரை இங்கேதான் வெளிவந்தது. கதிரியலுக்கு வெளியே, ஆய்வகப் பரிசோதனைகளை மதிப்பிடுபவர்களும் இன்றுவரை அதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

ஒரு ஆய்வுக் கட்டுரையைத் திறந்தால், சுருக்கத்தை அடுத்து முக்கிய முடிவுகள் ஒரு சிறு கட்டத்தில் மூன்று நான்கு வரிகளாக நிற்கின்றன. நேரமில்லாதவர்கள் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் முதலில் படங்களுக்கே போவேன். படத்தின் கீழுள்ள விளக்கம், நோயாளியின் வயது, பாலினம், படம் எடுக்கப்பட்ட வெட்டுத்தளம், உறுப்புகளைப் படத்தில் தெளிவாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து கொடுக்கப்பட்டதா இல்லையா, அம்புக்குறி எதைக் காட்டுகிறது என்பவற்றை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும். அம்புக்குறி இல்லாமல் ஒரு பார்வை, அம்புக்குறியோடு ஒரு பார்வை என்று பயிற்சி மருத்துவர்களைப் பார்க்கச் சொன்னால், பாடநூலில் கிடைக்காத ஒரு பயிற்சி அவர்களுக்குக் கிடைக்கிறது. அதன் பிறகு ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் யார், விலக்கப்பட்டவர்கள் யார் என்பதைக் காட்டும் பாய்வுப் படத்தைப் பார்க்க வேண்டும். கட்டுரையின் பலமும் பலவீனமும் பெரும்பாலும் அந்த ஒரு படத்திலேயே வெளிப்பட்டுவிடும்.

இனி என் முக்கியக் கருத்துக்கு வருகிறேன். இவ்விதழின் மேன்மை எந்தவொரு தனிக் கட்டுரையிலும் இல்லை. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டால் மறுப்பு, மறுமொழி, தலையங்கம், வாசகர் கடிதம், கூட்டறிக்கை என்று பல ஆண்டுகள் விடாமல் பின்தொடர்வதில் இருக்கிறது. இதற்கு மிகச் சிறந்த சான்று, சிடி ஸ்கேனுக்கு முன் சிரை வழியாகச் செலுத்தப்படும் அயோடின் கான்ட்ராஸ்ட் மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்குமா என்ற விவாதம்.

நம் ஊர் ஸ்கேன் சென்டர்களில் கான்ட்ராஸ்ட் ஸ்கேன் என்றால் ‘கிரியேட்டினின் பார்த்துவிட்டு வாருங்கள்’ என்பதே பெரும்பாலும் முதல் சொல். சிறுநீரகம் சரியாக வடிகட்டாதபோது இரத்தத்தில் ஏறும் கழிவுப்பொருள் அது. அந்த அச்சத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. கான்ட்ராஸ்ட் கொடுக்கப்பட்ட நோயாளிகளில் சிலருக்குச் சில நாட்களில் கிரியேட்டினின் ஏறுவதைக் கண்டவர்கள், மருந்தே காரணம் என்று முடிவு செய்தார்கள். ஆனால் கான்ட்ராஸ்ட் இல்லாமல் ஸ்கேன் எடுத்தவர்களில் எத்தனை பேருக்குக் கிரியேட்டினின் ஏறுகிறது என்று பழைய ஆய்வுகளில் பெரும்பாலானவை கேட்கவே இல்லை. மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளிக்குக் கிருமித் தொற்று, குறைந்த இரத்த அழுத்தம், நீரிழப்பு, வேறு மருந்துகள் என்று சிறுநீரகத்தைத் தாக்க எத்தனையோ காரணங்கள் இருக்கின்றன அல்லவா? 2013இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனைக் குழுவினர் இதே இதழில், கான்ட்ராஸ்ட் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் உடல்நிலை ஒத்த இணைகளாக நிறுத்தி ஒப்பிட்டு, இரு தரப்பிலும் சிறுநீரகப் பாதிப்பு ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருக்கிறது என்று எழுதினார்கள். மருந்து காரணமா, தற்செயலாக உடன்நிகழ்ந்ததா என்ற கேள்வியைக் கட்டுரையின் தலைப்பிலேயே வைத்திருந்தார்கள்.

அதே ஆண்டில், அதே இதழில், மிச்சிகன் பல்கலைக்கழகக் குழுவினர் கிட்டத்தட்ட அதே முறையைக் கையாண்டு வேறொரு முடிவுக்கு வந்தார்கள். சிறுநீரக வடிகட்டும் திறனைக் குறிக்கும் இஜிஎஃப்ஆர் 45க்கு மேல் இருப்பவர்களுக்கு ஆபத்து இல்லை. ஆனால் 30க்குக் கீழ் இருப்பவர்களுக்கு மருந்தால் வரும் தீங்கு உண்மையே என்றது அவர்களின் ஆய்வு. 2014இல் மேயோ குழு அதே இஜிஎஃப்ஆர் அளவுகோலைக் கொண்டே தம் நோயாளிகளை மறுபடி ஆராய்ந்து, தம் நிலையில் மாற்றமில்லை என்று பதிலளித்தது. இரண்டுமே பழைய பதிவேடுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வுகள். சிறுநீரகம் மோசமாக உள்ளவருக்கு மருத்துவர் முன்கூட்டியே கான்ட்ராஸ்ட் வேண்டாம் என்று தீர்மானித்திருப்பார். ஆகவே ஒப்பிடப்படும் இரு கூட்டங்களும் உண்மையில் ஒன்றல்ல என்ற சிக்கலை எந்தக் கணக்கீட்டாலும் முழுமையாக நீக்க முடியாது. இந்தச் சிக்கலை மறைக்காமல் முன்வைத்து, இரு தரப்புக்கும் ஒரே மேடையில் இடம் கொடுத்ததற்காகவே இவ்விதழை நான் மதிக்கிறேன்.

விவாதம் 2020இல் ஓர் ஓய்வுக்கு வந்தது. அமெரிக்கக் கதிரியல் கல்லூரியும் தேசிய சிறுநீரக அறக்கட்டளையும் இணைந்து வெளியிட்ட கூட்டறிக்கை, இந்த ஆபத்து முன்பு மிகைப்படுத்தப்பட்டிருந்தது என்றும், இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழ் உள்ளவர்களும் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்புக்கு உள்ளானவர்களுமே, டயாலிசிஸில் இல்லாத நிலையில், சலைன் ஏற்றிப் பாதுகாக்கப்பட வேண்டியவர்கள் என்றும் கூறியது. கடுமையாகப் போட்டியிட்ட ஆய்வாளர்களே அந்த அறிக்கையில் சேர்ந்து கையெழுத்திட்டிருப்பதைப் பார்க்கும்போது அறிவியலின் மீது மரியாதை கூடுகிறது. பக்கவாதத்தோடு வந்து ஒவ்வொரு நிமிடமும் மூளைத் திசுவை இழந்துகொண்டிருக்கும் ஒருவரை, கிரியேட்டினின் முடிவு வரும்வரை வெளியே படுக்க வைத்திருந்ததை ஒரு மையத்தில் நான் பார்த்திருக்கிறேன். மேயோ குழுவின் 2013ஆம் ஆண்டுக் கட்டுரையை மட்டும் படித்தவர் அச்சமே தேவையில்லை என்று அலட்சியமாக இருப்பார். எதையுமே படிக்காதவர் பழைய அச்சத்திலேயே நின்றுவிடுவார். வரிசையாகப் படித்தவரே யாருக்குக் காத்திருக்க வேண்டும், யாருக்குக் காத்திருக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்வார்.

எம்ஆர்ஐயில் பயன்படும் காடோலினியம் மருந்தின் கதையும் இதே இதழில்தான் விரிந்தது. பலமுறை கான்ட்ராஸ்ட் எம்ஆர்ஐ எடுத்தவர்களின் மூளையில், புதிதாக மருந்து செலுத்தாமலேயே சில பகுதிகள் வெளிர்ந்து தெரிவதை ஜப்பானைச் சேர்ந்த கண்டா குழுவினர் 2014ஆம் ஆண்டு இதழில் எழுதினார்கள். குறைந்தது ஆறு முறை மருந்து பெற்ற 19 பேரையும், மருந்தின்றியே அத்தனை முறை ஸ்கேன் எடுத்த 16 பேரையும் ஒப்பிட்ட சிறிய ஆய்வு அது. அடுத்த ஆண்டே, இறந்தவர்களின் மூளைத் திசுவை எடுத்து நேரடியாக அளந்து, காடோலினியம் உண்மையிலேயே அங்கே தங்கியிருப்பதை மேயோ குழு உறுதி செய்தது. 2017இல் ஐரோப்பிய மருந்து முகமை, நீள்வடிவ மூலக்கூறு கொண்ட காடோலினியம் மருந்துகள் பலவற்றின் பயன்பாட்டை நிறுத்தி வைத்தது. படத்தில் கண்ட ஒரு சிறு வெளிறல், மூன்றாண்டுகளில் ஒரு கண்டத்தின் மருந்துக் கொள்கையை மாற்றியிருக்கிறது.

வழிகாட்டுதல்களைப் பொறுத்தவரை என் பாராட்டுக்கு ஓர் எல்லை உண்டு. நெஞ்சுக் கதிரியலுக்கான ஃபிளெய்ஷ்னர் சங்கத்தின் நுரையீரல் முடிச்சு வழிகாட்டுதல் இங்கே 2005இல் வெளிவந்து, 2017இல் திருத்தப்பட்டது. முன்பு 4 மில்லிமீட்டராக இருந்த தொடக்க எல்லை 6 மில்லிமீட்டராக உயர்ந்ததால், உலகெங்கும் தேவையற்ற மறு ஸ்கேன்கள் குறைய வழி பிறந்தது. இரத்த ஓட்டத்தின் வேகத்தை அல்ட்ராசவுண்ட் மூலம் அளக்கும் கழுத்துத் தமனி டாப்ளருக்கான 2003ஆம் ஆண்டு நிபுணர் கூட்டறிக்கையும் அப்படியே: இரத்த ஓட்டத்தின் உச்ச வேகம் வினாடிக்கு 125 சென்டிமீட்டரை எட்டினால் 50 சதவீத அடைப்பு, 230ஐத் தாண்டினால் 70 சதவீதம் என்ற எளிய கணக்கு, சிறு நகரத்து மையத்தையும் பெரு மருத்துவமனையையும் ஒரே அளவுகோலில் பேச வைத்தது. இரத்தக் குழாயின் வேகம் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. ஆனால் நுரையீரல் முடிச்சின் காரணம் மாறும். காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில், மேல் மடலில் தெரியும் சிறு முடிச்சு பழைய காசநோயின் தழும்பாக இருக்கும் வாய்ப்பு அதிகம். தொற்று இன்னும் உயிரோடு இருக்கும் வாய்ப்பும் உண்டு. புற்றுநோயை மனத்தில் வைத்து வகுக்கப்பட்ட கால இடைவெளிகளை அப்படியே அறிக்கையில் பிரதி எடுப்பது இங்கே பொருந்தாது. அந்த வழிகாட்டுதலே, எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவர்களுக்கும் 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் தன்னைப் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அட்டவணையை மட்டும் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருப்பவர்கள் அந்தப் பத்தியைப் பார்ப்பதில்லை. இந்தியா போன்ற நாடுகளின் நோய்ச்சூழலுக்கு இவ்விதழ் தரும் இடம் போதாது என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

இனி, இவ்விதழ் மிக அதிகமாகப் படிக்கப்பட்ட காலமும், மிகக் கவனமாகப் படித்திருக்க வேண்டிய காலமுமான 2020க்கு வருகிறேன். கொரோனா தொற்று வூகானில் தொடங்கிய சில வாரங்களிலேயே சீனாவின் சிடி படங்கள் இங்கே வெளிவரத் தொடங்கின. தொற்று தொடர்பான கட்டுரைகள் அனைத்தையும் சங்கம் இலவசமாகத் திறந்து வைத்தது. அந்தச் சேவைக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். ஆனால் 2020 பிப்ரவரி இறுதியில் இணையத்தில் வெளியான 1,014 நோயாளிகளின் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். தொற்றைக் கண்டுபிடிப்பதில் சிடிக்கு 97 சதவீத உணர்திறன் (தொற்று உள்ளவர்களைச் சரியாகக் கண்டறியும் விகிதம்) இருக்கிறது என்ற வரி உலகம் முழுவதும் பரவியது. உள்ளே இருக்கும் எண்களைப் பார்த்தால் வேறொன்று தெரியும். ஆர்டி-பிசிஆரில் தொற்று உறுதியான 601 பேரில் 580 பேருக்குச் சிடியில் மாற்றம் இருந்தது. தொற்று இல்லை என்று வந்த 413 பேரிலும் 308 பேருக்கு அதே போன்ற மாற்றம் இருந்தது. அதாவது தொற்று இல்லாதவர்களை இல்லை என்று சரியாகச் சொன்ன விகிதம் வெறும் 25 சதவீதம். அந்த 308 பேரில் பலருக்குப் பிசிஆர் தவறவிட்ட தொற்று இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அது நியாயமான வாதமே. ஆனாலும் பரவல் மிகுந்த பகுதிகளில் சிடியை முதன்மைக் கருவியாகக் கருதலாம் என்ற முடிவுரையை இத்தனை விரைவாக அச்சேற்றியிருக்க வேண்டியதில்லை. அடுத்த மாதமே, சிடியை முதல் பரிசோதனையாகவோ பொதுச் சல்லடையாகவோ பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கக் கதிரியல் கல்லூரி அறிவுறுத்த வேண்டி வந்தது.

தமிழ்நாட்டில் இரண்டாம் அலையின்போது வீட்டுக்கு வீடு பேசப்பட்ட ‘25க்கு எத்தனை’ என்ற சிடி மதிப்பெண்ணின் வேரும் இவ்விதழில் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் வந்த பான் குழுவினரின் கட்டுரை, ஐந்து நுரையீரல் மடல்களுக்கும் தலா 0 முதல் 5 வரை மதிப்பெண் கொடுத்துக் கூட்டியது: 5 சதவீதத்துக்குக் குறைவான பாதிப்புக்கு 1, 75 சதவீதத்துக்கு மேல் 5, மற்றவை இடையில். நோய் தொடங்கி ஏறத்தாழ பத்தாம் நாளில் பாதிப்பு உச்சத்தை எட்டுகிறது என்று காட்டியதே அதன் பயன். ஆனால் அது 21 பேரைக் கொண்ட ஆய்வு. அவர்கள் அனைவரும் கடும் மூச்சுத்திணறல் இல்லாமல் குணமடைந்தவர்கள். குணமடையும் போக்கைக் கவனிக்க வகுத்த ஓர் அளவுகோலைக் கொண்டு, யாருக்குப் படுக்கை, யாருக்கு ஊசி என்று தீர்மானிக்கும் அளவுக்கு நாம் போய்விட்டோம். நோயின் மூன்றாம் நாளில் எடுத்த ஸ்கேனில் மதிப்பெண் குறைவு என்று நிம்மதி அடைந்தவர்களுக்கும், ஆக்சிஜன் அளவு நன்றாக இருந்தும் மதிப்பெண்ணைக் கண்டு உறக்கம் இழந்தவர்களுக்கும், அந்தக் கட்டுரையின் தலைப்பைக்கூட யாரும் முழுதாக எடுத்துச் சொல்லவில்லை. இந்தப் பழி இதழின் மீது மட்டும் விழாது. படிக்காமல் பயன்படுத்திய நம் எல்லோருக்கும் அதில் பங்குண்டு.

இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைக் குறிக்கும் தாக்கக் காரணி எண், அந்த ஆண்டுகளைப் பற்றி இன்னொரு செய்தியைச் சொல்கிறது. 2020க்கான கணக்கில் 11ஐ ஒட்டி இருந்தது, 2021இல் 29ஐத் தாண்டி, 2023இல் மீண்டும் 12 அளவுக்கு இறங்கியது. இதழின் தரம் ஓராண்டில் மூன்று மடங்காகவும் இல்லை, பிறகு பாதியாகவும் இல்லை. பதவி உயர்வுக்கும் நேர்காணலுக்கும் இந்த எண்ணை எடுத்துக்கொண்டு அலைபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக் கட்டுரைகள் இப்போது ஒவ்வொரு இதழிலும் கணிசமான இடத்தைப் பிடிக்கின்றன. இத்தனைக்கும் 2019இலேயே சங்கம் அதற்கென்று தனி இதழ் ஒன்றைத் தொடங்கிவிட்டது. 2020இல் அப்போதைய ஆசிரியர் டேவிட் புளூம்கீயும் குழுவினரும், இத்தகைய ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும், எப்படி மதிப்பிட வேண்டும் என்று வழிகாட்டி ஒன்றை வெளியிட்டார்கள். கணினிக்குக் கற்றுக்கொடுத்த படங்களுக்கு அப்பால், வேறு மருத்துவமனைப் படங்களிலும் சோதித்தார்களா என்ற கேள்வியை அது வாசகரின் கையில் கொடுத்தது. அதைப் படித்துவிட்டே மற்றவற்றைத் தொட வேண்டும். மாறாக, 2023இல் சாட்ஜிபிடியைக் கதிரியல் தேர்வு மாதிரியான 150 கேள்விகளில் சோதித்து 69 சதவீதம் சரி என்று ஒரு கட்டுரையும், அதன் அடுத்த பதிப்பு 81 சதவீதம் எடுத்தது என்று இன்னொரு கட்டுரையும் ஒரே மாதத்தில் வந்தன. வெளிவரும் நாளிலேயே பழையதாகும் இத்தகைய ஆய்வுகளுக்கு இத்தனை அருமையான பக்கங்கள் வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

முதுநிலை மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்வுக்குப் படிப்பதற்கு இதே சங்கத்தின் சகோதர இதழான ‘ரேடியோகிராஃபிக்ஸ்’ பொருத்தமானது. 1981 முதல் வரும் அது முழுக்க முழுக்கக் கற்பித்தலுக்கானது. கதிரியல் படத்தையும் நோய்க்கூற்றியல் மாதிரியையும் அருகருகே வைத்து விளக்கும் அதன் கட்டுரைகள், அச்சிட்டுப் பாதுகாக்கத் தக்கவை. நம் நாட்டு நோய்களின் படங்களுக்கு இந்தியக் கதிரியல் சங்கத்தின் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் ரேடியாலஜி அண்ட் இமேஜிங்’ உதவும்; கட்டணமின்றித் திறந்திருக்கும் இதழ் அது. ‘ரேடியாலஜி’யை இவற்றுக்குப் பதிலாக அல்ல, இவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

விலையே பெரிய தடை. சங்க உறுப்பினராகவோ, சந்தா கட்டும் நிறுவனத்தில் பணிபுரிபவராகவோ இல்லாத ஒரு மாவட்டத் தலைநகர மருத்துவருக்குப் புதிய கட்டுரைகளில் பலவும் பூட்டியே இருக்கும். ஆனால் ஓராண்டு கடந்த கட்டுரைகள் பொதுவாக இலவசமாகத் திறக்கப்படுவதால், மேலே சொன்ன கான்ட்ராஸ்ட் விவாதம், காடோலினியக் கட்டுரைகள், ஃபிளெய்ஷ்னர் வழிகாட்டுதல் ஆகியவற்றைச் சந்தா இல்லாமலேயே படிக்கலாம். துறையில் வாராந்திரக் கட்டுரை வாசிப்பு நடத்துபவர்கள், இந்த மாதம் வந்த ஏதோ ஒன்றை எடுப்பதற்குப் பதிலாக, 2013இன் இரு ஆய்வுகளில் தொடங்கி 2014இன் பதில், 2020இன் கூட்டறிக்கை என்று நான்கு வாரங்களுக்கு ஒரே கேள்வியை வைத்துப் படிக்கட்டும். ஒவ்வொரு வாரமும், இதுவரை படித்ததை வைத்து இஜிஎஃப்ஆர் 28 உள்ள ஒரு நோயாளிக்குக் கான்ட்ராஸ்ட் கொடுப்பீர்களா என்று மாணவர்களிடம் கேட்டு, அவர்களின் பதிலைக் கரும்பலகையில் எழுதி வைக்கட்டும்.